மேட்டுத் தெருவின் மூடிய திரைகள்

புதன்கிழமை மதியம் பாலத்தடியில் காரைவிட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குள் நுழைந்த டெக்வென், முதல் வீட்டைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அடுத்த வீட்டிலும் மூடியிருந்தது. எதிர்ச் சாரியைப் பார்த்தாள், அங்கேயும் அப்படித்தான். பட்டப்பகலில் தெருவே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

யாரோ போய்விட்டார்கள். எங்கள் நாந்த்கோ ஊரில் இதற்கு வேறு அர்த்தமே கிடையாது. சாவு விழுந்தால் தெருவைப் பார்த்த ஜன்னல்களின் திரையை இழுத்துவிட வேண்டும். அடக்கம் முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகுதான் திறக்க வேண்டும். வேல்ஸில் மற்ற ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கைகழுவிவிட்டார்கள் என்று கேள்வி. நாங்கள் விடவில்லை. பக்தி ஒன்றும் பொத்துக்கொண்டு வழியவில்லை. பழசை விடச் சொல்லி நச்சரிக்க இங்கே இளசுகள் யாரும் இல்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, கடை மூடியாகிவிட்டது, தபால் நிலையமும் போயிற்று. ஊரின் இளவட்டம் என்றால் அது ஓய்வுபெற்ற தபால்காரன் எல்வெட். அவனுக்கு அறுபத்தொன்பது வயது. ஏணியில் ஏறி பல்பு மாட்ட வேண்டுமென்றால் இன்றைக்கும் "அந்தப் பையனக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

திரைக்கு எங்களிடம் இன்னொரு வேலையும் உண்டு. தெருவில் பாதிப் பேர் தனிக்கட்டை. காலையில் எழுந்ததும் திரையைத் திறந்துவிட்டால், "இன்னும் இருக்கேன்" என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். திறக்கவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். போன் போட்டு நலம் விசாரிக்கிற செலவு மிச்சம்.

யாராக இருக்கும்? டெக்வென் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சபை மூப்பர் ப்ரைஸுக்கு இதயம் சரியில்லை. நான்சிக்கு மூச்சிரைப்பு. தெருவில் யாரை எடுத்தாலும் காரணம் தயாராகத்தான் இருந்தது. நேற்று விடியுமுன் கிளம்பியவள், ஒரே ஓர் இரவு ஊரில் இல்லை. அதற்குள் இப்படியா?

அதுவும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனவள். திருட்டுப் பூனை மாதிரி இருட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கை மகள் லவ்ரியின் காரைப் பாலத்தடியிலேயே நிறுத்தச் சொல்லி, ஏறிப் போனாள். போனது கார்மார்தன் நகரத்துக்கு. அங்கே வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் லிஃப்ட் வைத்த ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள் லவ்ரி. போய்ப் பார்த்தாள், பிடித்துவிட்டது. பிப்ரவரியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சாவிகூடக் கைப்பையில் இருக்கிறது. எழுபத்தெட்டு வருஷம் ஒரே தெருவில் இருந்த மனுஷி, ஒரே மதியத்தில் முடிவெடுத்துவிட்டாள். முழங்கால் அப்படி எடுக்க வைத்தது.

ஊர் தெரிந்துகொள்ளட்டும், பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் மென்னாவுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் பெரும்பாடு. வேறு யாரும் சொல்லுமுன் இன்றைக்கே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். கையில் மென்னாவுக்குப் பிடித்த கஸ்டர்ட் கேக் ஒரு பெட்டி. லஞ்சம்தான், வேறென்ன.

மென்னா நேர் எதிர் வீடு. ஐந்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒரே வருஷம் கல்யாணம், முன்பின்னாக இரண்டு பேரும் விதவை. டெக்வெனின் கணவர் க்வில்லிம் பலகைக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். பேசாத மனுஷர், பேசாமலே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் இருந்தவரை அதன் சமையலறை டெக்வெனின் ராஜ்ஜியம். பள்ளிக்கூடம் மூடிய பிறகு சபைக்கூடத்துப் பின்னறையில் இருக்கிற டீ பாய்லர் அவள் கைக்கு வந்தது. அடக்கம் முடிந்தால் அந்தப் பின்னறையில் எல்லோருக்கும் டீயும், பன்றியிறைச்சித் துண்டு வைத்த ஹாம் சாண்ட்விச்சும் தர வேண்டும். டீயில் ஊறிய உலர்திராட்சை போட்ட பாரா ப்ரித் ரொட்டியை வெண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஜோன்ஸும் எவன்ஸுமாக நிறைந்த ஊரில் தொழிலைச் சேர்த்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். அவள் டீ டெக்வென் ஆனாள். அவளில்லாமல் இந்த ஊரில் யாரும் ஒழுங்காகச் செத்தது கிடையாது.

மென்னா சபையில் ஆர்கன் வாசிக்கிறவள். சமையல் மட்டும் சுத்தமாக வராது. முட்டை வேகவைத்தாலே பாத்திரம் கரியும். காது போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. காது மிஷினை ஆராதனைக்கு மட்டும் மாட்டுவாள். ஊர் வம்பு கேட்டு பேட்டரியை வீணாக்க அவளுக்கு மனசில்லை. டெக்வெனுக்கு மட்டும் விதிவிலக்கு. இவள் வாசலில் தலையைக் காட்டினால் ஜன்னல் விளிம்பில் இருக்கிற சாஸரிலிருந்து மிஷினை எடுத்துச் செருகிக்கொண்டு, "ம், இப்பத் திட்டு" என்பாள்.

"எனக்கு முன்னாடி நீ போயிடாதடீ," என்று ஒரு நாள் மென்னா சொன்னாள். "உன் சாவுக்கு என்னால டீ போட முடியாது."

"நீ போட்டா நானே பெட்டிக்குள்ள எந்திரிச்சு உக்காந்துருவேன்."

"அதனாலதான் சொல்றேன். மொதல்ல நான். நீ கூட இருந்து ஒழுங்கா அனுப்பி வெச்சிரு. ஹாம்ல கஞ்சத்தனம் பண்ணாத."

அப்போது சிரித்துக்கொண்டே சரி என்றவள்தான் இப்போது லிஃப்ட் வைத்த வீட்டுச் சாவியோடு வந்திருக்கிறாள்.

எதிர் வீட்டுப் பக்கம் பார்க்காமலே தன் வீட்டுக்குள் போனதும், பழக்கதோஷத்தில் டெக்வெனின் கை திரையைத் திறக்கப் போனது. நேற்று இருட்டில் கிளம்பியதால் மூடியபடியே கிடந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சாவு விழுந்த தெருவில் திறப்பதா? திறக்காதது மட்டுமல்ல, நடுவில் தெரிந்த விரலளவு இடைவெளியையும் இழுத்துச் சேர்த்துவிட்டாள். யார் போனது என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். கேட்கமாட்டோம். செத்தது யாரென்று தெரியாமல் இருந்தேன் என்று ஒத்துக்கொள்வதைவிட எங்களுக்குப் பெரிய அவமானம் இல்லை. முதலில் திரையை இழு, அப்புறம் மெதுவாகக் காதைத் தீட்டித் தெரிந்துகொள், அதுதான் மரியாதை.

அலமாரியில் எப்போதும் ஒரு பாரா ப்ரித் தயாராக இருக்கும். சாவு சொல்லிக்கொண்டா வரும்? அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவள், எதிரே நிமிர்ந்து பார்த்தாள்.

மென்னாவின் ஜன்னல் திறந்திருந்தது.

மூடிய தெருவில் அது ஒன்று மட்டும். உள்ளே பகல் வேளையில் விளக்கு எரிந்தது. மென்னா வழக்கமான நாற்காலியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, முகத்தைப் பாலத்துப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். டெக்வென் கையைத் தூக்கினாள். மென்னா திரும்பவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள். அசையவில்லை.

மென்னாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! நேற்று விடியுமுன் பையோடு பாலத்தை நோக்கி இறங்கும்போது, பின்னால் மென்னாவின் விளக்கு எரிந்தது நினைவுக்கு வந்தது. வெளிச்சம் ரோட்டில் விழுந்ததைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தால் கை காட்ட வேண்டியிருக்கும், கை காட்டினால் சொல்ல வேண்டியிருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டாள். மென்னா பார்த்திருக்கிறாள். என்ன ஏதென்று கண்டுபிடித்திருப்பாள். இப்போது முகம் கொடுக்கமாட்டேன் என்கிறாள். ஊருக்காகத் திரைகூட இழுக்காத கோபம் என்றால், அது எப்பேர்ப்பட்ட கோபம்!

எதிர்கொள்ளத் தைரியம் வரவில்லை. முதலில் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு வருவோம், யார் செத்தது என்று தெரிந்துகொண்டு வந்தால் பேச்சைத் தொடங்கவாவது ஒரு சாக்கு இருக்கும் என்று நினைத்தாள். கஸ்டர்ட் கேக் மேஜையிலேயே கிடந்தது.

சபைக்கூடத்தின் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். அடுத்த அறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"ஹாமை அவ எப்படி வெட்டுவா? அகலமாவா, நீளமாவா?" இது நான்சி. முன்பு ஊரின் கடையை நடத்தியவள். கடை போய்விட்டது, வாய் அப்படியே இருக்கிறது.

"எனக்கென்ன தெரியும்? சாப்பிட்டதோட சரி." இது எல்வெட்.

டெக்வெனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் நான் இல்லை என்றால் இவர்கள் நிலைமை இதுதான் என்று நினைத்துக்கொண்டே நடுக்கதவில் கை வைத்தாள்.

"அவ இருந்திருந்தா நமக்கு இந்தக் கஷ்டமே இல்ல," என்று நான்சி மூக்கை உறிஞ்சினாள். "இந்த ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் டீ போட்டவ. அவ சாவுக்கு டீ போட ஒரு நாதியில்ல பாருங்க."

கதவில் வைத்த கை அப்படியே நின்றது.

"அழாத நான்சி," என்றார் மூப்பர் ப்ரைஸ். "டெக்வென் நல்லா வாழ்ந்துதான் போயிருக்கா. அடக்க ஆராதனையில நாலு வார்த்தை பேசணும். அவளப் பத்தி என்னன்னு சொல்லலாம்?"

அறை அமைதியானது. டெக்வென் கதவோடு காதை ஒட்டிக்கொண்டாள். நான் செத்துவிட்டேனா? இவர்கள் என் சாவுக்கா ஹாம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்? தெருவெல்லாம் எனக்காகவா மூடிக் கிடக்கிறது? சற்றுமுன் என் கையாலேயே இழுத்து மூடினேனே!

"நல்லா டீ போடுவா," என்றான் எல்வெட்.

"அதத்தான் முதல்ல சொல்லப் போறேன். வேற?"

மறுபடியும் அமைதி. இந்த அமைதி முதலாவதைவிட நீளமாக இருந்தது.

"கோவக்காரி," என்றான் எல்வெட்.

"அத பிரசங்க மேடையில சொல்ல முடியாதுப்பா."

"செத்தவங்களக் குறை சொல்லக் கூடாதுதான்," என்று நான்சி இழுத்தாள். "ஆனா ஒண்ணு. அவளோட பாரா ப்ரித் எப்பவுமே கொஞ்சம் வறட்சி."

நடுக்கதவு சுவரில் மோதித் திறந்தது.

"எதுடீ வறட்சி?"

நான்சி போட்ட கூச்சலில் மலைமேல் மேய்ந்த ஆடெல்லாம் தலையைத் தூக்கியிருக்கும். அவள் கையிலிருந்த கோப்பைத் தட்டு தரையில் விழுந்து நொறுங்கியது. மூப்பர் ப்ரைஸ் பேயறைந்தவர் மாதிரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு "கர்த்தாவே, கர்த்தாவே" என்றார். ஐம்பது வருஷமாக மறுமையைப் பற்றிப் பேசியவருக்கு அது நேரில் வந்து நின்றபோது அடுத்த வார்த்தை வரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த எல்வெட் அதைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தான்.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். கொஞ்சம் வறட்சியா இருக்கேன். வந்து தொட்டுப் பாரு!" டெக்வென் டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்தாள். "யாரு சொன்னது நான் செத்துட்டேன்னு? யாரு? வாயத் தொறங்க!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூப்பர் வீட்டுல நேத்து திரை இழுத்திருந்துச்சு," என்றாள் நான்சி. "அதான் நானும் இழுத்தேன்."

"எல்வெட் வீட்டுல இழுத்திருந்தது," என்றார் மூப்பர். "தபால்காரனா இருந்தவன், ஊர்ச் சேதி முதல்ல அவனுக்குத்தானே தெரியும்னு நானும் இழுத்தேன்."

எல்லோரும் எல்வெட்டைப் பார்த்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்து உருட்டினான்.

"திங்கக்கிழமை எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சுல்ல. வெளிச்சம் கூசுது. திரையப் போட்டு வெச்சுக்கோன்னு டாக்டர் சொன்னாரு."

"அடப்பாவி! அப்ப ஊரே மூடினதும் என்னன்னு கேக்க மாட்டியா?"

"எப்படிக் கேக்கறது? யாரோ போயிட்டாங்கபோலன்னு நானும் வருத்தத்துல இருந்தேன்."

ஊரோடு ஒத்து வாழ் என்று சொன்னவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பார்கள். ஓர் ஆடு வேலியைத் தாண்டினால் பின்னால் வருகிற ஆடெல்லாம், வேலியைப் பிடுங்கிப் போட்ட பிறகும், அதே இடத்தில் தாண்டும். ஊர் முழுக்கத் திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் செத்த ஆளைத் தேடியிருக்கிறார்கள். தேடினால் டெக்வெனின் திரை காலையிலிருந்து திறக்கவே இல்லை. பூந்தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துப் போய்ப் பார்த்தால் படுக்கை காலி. விடியற்காலையில் ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் இறங்கிப் போனதை நான்சி பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால், சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் தகவல் சொல்வோம் என்றிருக்கிறார்கள்.

"சொல்ல மாட்டோம்னா என்ன அர்த்தம்?" என்று நான்சி கேட்டாள். "இருந்தா இருக்கான்னு சொல்லிட்டுப் போறாங்க!"

"லவ்ரிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"அந்த நம்பர் யார்கிட்ட இருக்கு? மென்னாகிட்டதான் இருக்கும்."

"மென்னாவக் கேக்க வேண்டியதுதானே!"

"கேக்கலாம்னுதான் இவன் போனான்," என்று நான்சி எல்வெட்டைக் காட்டினாள். "சாயங்காலம் கதவத் தட்டியிருக்கான். அவ திரும்பிக்கூடப் பாக்கல. காதுல மிஷின் இருந்திருக்காது. நானும் ஜன்னலுக்கு முன்னாடி நின்னு கைய ஆட்டினேன். உன் வீட்டையும் பாலத்தையும் பாத்தமேனிக்கு உக்காந்திருந்தா. ஊரே திரைய இழுத்துட்டுது, அவ மட்டும் இழுக்கல. நீ போனத அவ மனசு ஒத்துக்கலடீ. பாவம், விடுங்க, துக்கத்துல இருக்கா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன். ராத்திரி பூரா வெளக்குகூட அணைக்கல."

டெக்வெனுக்கு முதலில் அது தித்தித்தது. ஊரே என்னைச் சாகடித்தபோது அவள் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லையா? ஒரு நொடிதான். அடுத்த நொடி, சற்றுமுன் தான் பார்த்த அந்த முகம், அந்தச் சால்வை, அசையாத அந்தத் தோள் கண்முன் வந்து நின்றன.

"காலையிலயும் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"அதே மாதிரியா உக்காந்திருந்தா?"

நான்சி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"நான்சி. நேத்துலேருந்து அவ எந்திரிச்சு யாராவது பாத்தீங்களா?"

எல்வெட் கண்ணாடியை மேஜைமேல் வைத்தான். மூப்பர் ப்ரைஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பாய்லரில் தண்ணீர் முனகிக்கொண்டிருந்தது.

டெக்வென் ஓடினாள். லிஃப்ட் இல்லாமல் இனி முடியாது என்று முந்தின நாள் சொன்ன அதே முழங்கால்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடின. மென்னாவின் கதவு என்றைக்கும் பூட்டுவதில்லை. தள்ளினாள். அடுப்பு அணைந்து வீடு சில்லிட்டுக் கிடந்தது. விளக்கு எரிந்தது.

"மென்னா. மென்னா, நான்தான்டீ."

தோளைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. கல்லறைக் கல்லைப்போல் குளிர்ந்து போயிருந்தாள். ஒரு முழு நாள் ஆகியிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். விடியற்காலையில் எழுந்து, விளக்கைப் போட்டு, திரையைத் திறந்து, "இன்னும் இருக்கேன்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே போய்விட்டாள். திறந்த திரையைப் பார்த்து எல்லோரும் அவள் இருக்கிறாள் என்று நம்பினார்கள். மூடிய திரையைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி இல்லை என்று நம்பினார்கள். எத்தனையோ பேர் அந்த ஜன்னலைத் தாண்டிப் போய், எனக்காக ஹாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! டெக்வெனுக்கு அழுகை வரவில்லை.

மென்னாவின் முகம் பாலத்துப் பக்கம் பார்த்திருந்தது. நான் போவதைப் பார்த்தாளா, பார்த்தாளென்றால் என்ன நினைத்தாள், கையைத் தூக்கினாளா? அன்றைக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இனி யாரைக் கேட்பது?

ஜன்னல் விளிம்பில் சாஸரில் காது மிஷின் இருந்தது. டெக்வென் அதை எடுத்தாள். மென்னாவின் நரைமுடியை ஒதுக்கிவிட்டு, மிஷினைக் காதில் பதமாகச் செருகினாள். பிறகு பக்கத்தில் முட்டி போட்டாள். போட முடியாத முட்டிதான்.

"கேக்குதா?" என்றாள். "கார்மார்தன்ல வீடு பாத்துட்டேன்டீ. லிஃப்ட் இருக்கு. பிப்ரவரியில போறேன். உன்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு இருட்டுல போனேன். இன்னிக்குச் சொல்லலாம்னு கேக்கெல்லாம் வாங்கிட்டு வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ம், இப்பத் திட்டு."

அறையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டெக்வெனுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் எழுந்து விளக்கை அணைத்தாள். மென்னாவின் திரையைத் தன் கையால் இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் தெருவில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள், பத்துப் பதினைந்து பேர், கோட்டும் கைத்தடியுமாக. டெக்வெனை உயிரோடு பார்த்த திகைப்பு ஒரு பக்கம், மென்னாவின் ஜன்னல் மூடியதைப் பார்த்த திகைப்பு இன்னொரு பக்கம். எதற்கு வாயைப் பிளப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மூப்பர் தொப்பியைக் கழற்றினார். நான்சி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். தொந்தரவு பண்ணாதீர்கள் என்று சொன்னவள் அவள்தானே.

செய்ய வேண்டியது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய்த் திரையை இழுக்க வேண்டும். அவரவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் ஏற்கெனவே மூடியிருந்தது. மென்னாவுக்காக இழுக்க இந்தத் தெருவில் ஒரு திரைகூட மிச்சமில்லை. டெக்வென் அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் அவள் வாழ்நாளில் வந்ததில்லை. இவள் கோபம் ஊர் அறிந்தது. ஆனால் இது வேறு.

"தொறங்க!" என்றாள். யாருக்கும் புரியவில்லை. "எல்லாரும் போய்த் திரையத் தொறங்க! அது எனக்குப் போட்டது. அது எனக்கு வேண்டாம். தொறந்துட்டு, மறுபடியும் இழுங்க. இந்தத் தடவ யாருக்குன்னு தெரிஞ்சு இழுங்க. மென்னாவுக்கு. ஆர்கன் வாசிச்ச மென்னாவுக்கு!"

வயசான கால்கள் மெதுவாகப் பிரிந்து போயின. முதலில் திறந்தது எல்வெட்டின் திரை. மேற்கே சாய்ந்த வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைச் சபைக்கூடத்திலேயே விட்டுவந்தவன், திறந்த ஜன்னலுக்கு நேரே அப்படியே நின்றான். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. ஆபரேஷனாலா என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் மூப்பர் வீடு, அப்புறம் நான்சி வீடு என்று இரண்டு சாரியிலும் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரு முழுக்க முகங்கள், ஜன்னல் ஜன்னலாக, மென்னாவின் வீட்டைப் பார்த்தபடி. பிறகு பாலத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடின.

கடைசியாக டெக்வென் தன் வீட்டுக்குள் போனாள். திரையை முழுசாகத் திறந்து எதிர் வீட்டை ஒரு முறை பார்த்தாள். இழுத்து மூடினாள். பிறகு மேஜையிலிருந்த கஸ்டர்ட் கேக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு சபைக்கூடத்துக்குப் போனாள். ஹாமை நான்சி குறுக்கே வெட்டி வைத்திருந்தாள். அதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, புதிதாக வெட்டத் தொடங்கினாள். இந்தத் தடவை தடிமனாகவே வெட்டினாள்.